வளர்ந்த பிறகும் மூளை மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதைத் தாண்டிய ஒருவர் "இனிமேல் எனக்கு மண்டையில் ஏறாது" என்று சொல்லக் கேட்டால் எனக்கு மனது கஷ்டமாகிவிடும். மூன்றே வாரத்தில் மூளையை மாற்றித் தருகிறோம் என்று ஆசை காட்டுகிறவர்களைப் பார்த்தாலும் அதே கஷ்டம்தான். முதலாமவர் முயற்சி செய்யாமலே விட்டுவிடுகிறார். இரண்டாமவரை நம்பிப் போனவர் இருபத்திரண்டாம் நாள் தன்னையே நொந்துகொள்கிறார். இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

வளையும். ஐந்தில் வளைவதுபோல் தானாக வளையாது, அவ்வளவுதான்.

இந்தப் பழமொழியை அறிவியலும் வெகுகாலம் நம்பியது. 1906-ல் நோபல் பரிசு பெற்ற சான்டியாகோ ரமோன் இ கஹால், நரம்பணுக்களை ஒவ்வொன்றாக வரைந்து காட்டிய மேதை. வளர்ந்தவரின் மூளையில் நரம்புப் பாதைகள் நிலைத்துப்போனவை, மாறாதவை என்று அவர் எழுதினார். அதே இடத்தில், முடிந்தால் இந்தத் தீர்ப்பை மாற்றுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் சேர்த்துக்கொண்டார். முதல் பாதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதி பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

பழமொழியில் உண்மையும் இருக்கிறது. டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்தார்கள். பிறகு திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது, ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே மாதிரி மூடினால் ஒன்றும் ஆகவில்லை. சில வேலைகளுக்கென்று ஒரு பருவம் இருக்கிறது என்பதை இது காட்டியது. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட பருவங்கள் பார்வை, செவிப்புலன், மொழியின் ஒலிகள் போன்ற அடிப்படைகளுக்கு உரியவை. பெரியவரான பிறகு ஒரு மொழியைக் கற்பவரிடம் உச்சரிப்புச் சாயல் கடைசிவரை தங்கிவிடுவது இதனால்தான். ஆனால் ஒரு தொழிலைக் கற்பதற்கோ, பயத்தை வெல்வதற்கோ, வாசிக்கப் பழகுவதற்கோ அப்படி அடைபட்டுப்போகும் கதவு கிடையாது.

மூளை மாறுகிறது என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது?

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், இருக்கின்றன. ஒரு நியூரானும் இன்னொன்றும் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். கற்றல் என்பது பெரும்பாலும் இந்தச் சந்திப்புகளில் நடக்கும் வேலை. இரண்டு நியூரான்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்து இயங்கினால் அவற்றுக்கு இடையிலான இணைப்பு வலுப்படும் என்று டொனால்ட் ஹெப் 1949-ல் ஊகித்தார். 1973-ல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயலின் மூளையில் அதை நேரடியாகக் காட்டினார்கள். சில நொடிகள் மின்தூண்டல் கொடுத்தார்கள்; இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தது.

இதற்கு அடுத்த படியைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எரிக் கேன்டல் ஒரு கடல் நத்தையை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குறுகிய கால நினைவுக்கு, ஏற்கெனவே உள்ள சினாப்ஸ் கொஞ்சம் பலப்பட்டாலே போதும். நீண்ட கால நினைவுக்கு அது போதாது: செல்லுக்குள் மரபணுக்கள் தூண்டப்பட்டு, புதுப் புரதங்கள் உருவாகி, புதிய சினாப்ஸ்கள் முளைக்க வேண்டும். இதற்காக அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ராத்திரியில் விழுந்து விழுந்து படித்தது ஏன் ஒரு வாரத்தில் காணாமல் போகிறது என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. புரதம் உருவாகவும் இணைப்பு முளைக்கவும் நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் முதல் படியோடு நின்றுவிடும்.

நரம்பு இழைகளைச் சுற்றிய மயலின் என்ற கொழுப்புறையும் பழகப் பழக மாறுகிறது. அது தகவல் ஓடும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. புதிதாக மயலின் உருவாக முடியாதபடி மாற்றப்பட்ட எலிகளை, படிகள் ஒழுங்கற்று அமைந்த சக்கரத்தில் ஓடவிட்டார்கள். மற்ற எலிகளைப்போல் அவற்றால் அந்த ஓட்டத்தை நன்றாகக் கற்க முடியவில்லை.

சரி, எலியும் நத்தையும் இருக்கட்டும். மனிதர்களிடம் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் பற்றிய ஆய்வு. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமானால் நகரின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். எலினார் மக்வயரின் குழு 2000-ல் இந்த ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்தபோது, இட நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது.

உடனே ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும்: ஏற்கெனவே அது பெரிதாக இருந்தவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார்களோ? அதனால் பயிற்சியைத் தொடங்கும் 79 பேரை முன்கூட்டியே படம் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தொடக்கத்தில் யாருக்கும் வித்தியாசம் இல்லை. அவர்களில் 39 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. 2011-ல் இந்த முடிவு வெளியானது. அவர்கள் எல்லோரும் வளர்ந்த மனிதர்கள், பிழைப்புக்காகப் படித்தவர்கள். ஆனால் இந்த வளர்ச்சி இலவசமாகக் கிடைக்கவில்லை. சிக்கலான ஓர் உருவத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையும் சோதனையில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒன்றுக்கு இடம் கொடுத்தால் வேறொன்று கொஞ்சம் ஒதுங்க வேண்டியிருக்கலாம்.

இன்னொன்று கொலம்பியாவில் நடந்தது. ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரண வாழ்க்கைக்குத் திரும்பிய முன்னாள் கெரில்லாப் போராளிகள் சிலர், இருபது வயதுக்கு மேல் முதன்முறையாக எழுத்துக் கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் மூளையின் பல பகுதிகளில் சாம்பல் நிறத் திசு அதிகமாக இருந்தது. இடது, வலது பாதிகளை இணைக்கும் நரம்புக்கட்டின் பின்பகுதியிலும் வித்தியாசம் தெரிந்தது. இது வெளியான ஆண்டு 2009. துப்பாக்கி பிடித்து வளர்ந்த கை எழுத்தைப் பிடித்தபோது மூளையும் கூடவே வந்திருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை.

புதிய நியூரான்கள் பிறக்கின்றனவா?

இதில் அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் புது நியூரான்கள் பிறப்பதாக 1998-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2018-ல் ஒரு குழு அப்படி எதையும் காணோம் என்றது. அதே ஆண்டு இன்னொரு குழு முதுமையிலும் பிறக்கின்றன என்றது. உங்கள் முன்னேற்றம் இந்த வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் நியூரான்களுக்கு நடுவே இணைப்புகள் மாறுவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தினமும் செய்கிறேன், ஆனாலும் முன்னேற்றமே தெரியவில்லை. ஏன்?

செய்யும்போது மனம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். வாழ்நாள் முழுக்க எழுதியும் கையெழுத்து மேம்படாதவர்கள் எத்தனை பேர்! திரும்பச் செய்தால் மட்டும் மூளை மாறிவிடாது.

மைக்கேல் மெர்சனிச்சின் ஆய்வகத்தில் 1990-களின் தொடக்கத்தில் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில குரங்குகள் இரண்டு ஒலிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு சில குரங்குகளின் காதிலும் அதே ஒலிகள் விழுந்தன, ஆனால் அவற்றுக்குக் கொடுத்த வேலை தொடு உணர்வு சம்பந்தப்பட்டது. முதல் வகைக் குரங்குகளின் மூளையில்தான் அந்த ஒலிகளுக்கான இடம் விரிவடைந்தது. மற்றவற்றுக்கு அதே சத்தம் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. சின்ன வயதில் காதில் விழுந்தாலே போதும், வளர்ந்த மூளை, "இது எனக்கு முக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறது. உன்னிப்பாகக் கவனிக்கும்போது சுரக்கும் அசிடைல்கோலின், எதிர்பார்த்ததைவிட நல்லது நடக்கும்போது கூடும் டோபமைன் போன்ற வேதிப்பொருட்கள்தான் அந்தக் கதவின் சாவி.

அதனால் நேற்று தடுமாறிய இடத்தை இன்று முதலில் எடுங்கள். தெரிந்த பகுதியையே அழகாகச் செய்துகொண்டிருப்பது சுகமாக இருக்கும், ஆனால் அதில் மூளைக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லை. தப்பு வருகிற இடத்தில்தான் மாற்றம் நடக்கிறது. தப்பு வந்தால் வெட்கப்படாதீர்கள் என்று சொல்வது எளிது, எனக்குத் தெரியும். பெரியவர்கள் கற்பதை நிறுத்துவதற்கு மூளையைவிட இந்த வெட்கமே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம், ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் என்பதைவிட நாளுக்கு அரை மணி என்று ஆறு நாள் பிரித்துக்கொள்வது நல்லது. இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் தங்கும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டிவிட்டார். படித்ததையே மறுபடி படிக்காமல், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதும் அப்படித்தான். அந்த நேரத்தில் திணறுவோம், ஆனால் ஒரு வாரம் கழித்து மிஞ்சுவது அதில்தான் அதிகம்.

ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள 21 நாள் போதும் என்கிறார்களே?

போதாது. 1960-ல் ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. பழக்கத்தை உண்மையில் அளந்து பார்த்தவர் லண்டனில் பிலிப்பா லாலி. 96 பேர் ஆளுக்கு ஒரு சின்ன வழக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பழகினார்கள். அது யோசிக்காமலே வரும் நிலையை எட்ட ஆன காலத்தின் இடைநிலை 66 நாள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்னும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்கு அதனால் பெரிய பாதிப்பும் இல்லை. ஒரு நாள் தவறியதும் எல்லாம் போச்சு என்று கைவிடுகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

விட்டுவிட்டேன் என்று நினைத்த பழைய பழக்கம் ஏன் திரும்ப வருகிறது?

அது போகவே இல்லை என்பதால். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் இதைப் புரிந்துகொண்டவர்களுக்குத் தம்மீது இருக்கும் கோபம் பாதியாகக் குறைந்துவிடும்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல், பழக்கம் உருவாகும்போது எலிகளின் மூளை ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்ற பகுதியைப் பதிவுசெய்தார். வழி பழகப் பழக அங்கே நியூரான்களின் இயக்கம், வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடிக்கும் ஒரு வடிவத்துக்கு வந்தது. நடுவில் இருந்த அசைவுகள் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுவிட்டன. பரிசை நிறுத்தியபோது அந்த வடிவம் மங்கியது. மறுபடி பரிசைக் கொண்டுவந்ததும் பழைய வடிவம் வேகமாகத் திரும்பியது. பயத்துக்கும் இதே விதிதான். பயத்தைப் போக்கும் சிகிச்சையில் பழைய நினைவு அழிவதில்லை. 'இங்கே ஆபத்தில்லை' என்ற புது நினைவு ஒன்று அதன்மேல் உட்காருகிறது. களைப்பிலோ நெருக்கடியிலோ பழைய இடத்திலோ இருக்கும்போது அடியில் இருப்பது எட்டிப்பார்க்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடம் பழகிய ஒரு விசைப்பலகை முறையிலிருந்து வேறொன்றுக்கு மாறினேன். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வரியும் போராட்டம். பிறகு சரளமாகிவிட்டது. ஒரு நாள் மிகவும் அவசரமாக ஒன்றைத் தட்டவேண்டி வந்தபோது என் விரல்கள் பழைய முறைக்கே போய்விட்டன. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு முறைகூட அவை அப்படிப் போனதில்லை.

ஆகவே பழைய பழக்கத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டுவதைவிட, அதைத் தூண்டிவிடும் சூழலைக் கலைப்பது பலன் தரும். படுக்கையில் போனை நோண்டும் பழக்கம் இருந்தால் போனை வேறு அறையில் வையுங்கள். அந்த நேரத்துக்குக் கை வேறு எதையாவது செய்ய ஏற்பாடு செய்யுங்கள். திரும்பி வந்துவிட்டதா? கற்ற புதிய பாடம் அழிந்துவிடவில்லை, அது இன்னும் கொஞ்சம் பலப்பட வேண்டியிருக்கிறது.

குணமும் மாறுமா? முன்கோபம், கூச்சம், எதற்கெடுத்தாலும் பயம்?

ஓரளவுக்கு மாறும். 2017-ல் 207 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனநலச் சிகிச்சை போன்ற முயற்சிகளில் சில மாதங்கள் இருந்தவர்களின் ஆளுமைப் பண்புகளில் அளக்கக்கூடிய மாற்றம் தெரிந்தது. பதற்றமும் எளிதில் கலங்கும் தன்மையும்தான் மற்றவற்றைவிட அதிகம் மாறின. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது தீர்ப்பாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் 'நான் மாற வேண்டும்' என்ற விருப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூளை எதுவும் செய்வதில்லை. கூச்சம் உள்ளவர் வாரத்துக்கு ஒரு முறை, புதிய ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது என்ற அளவுக்கு அதைச் சின்னதாக்க வேண்டும்.

கற்பனை செய்து பார்த்தாலே மூளை மாறிவிடுமாமே?

கொஞ்சம் உண்மை. 1995-ல் அல்வரோ பாஸ்குவல்-லியோன் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் சிலரைப் பியானோவில் ஐந்து விரல் பயிற்சி செய்ய வைத்தார். விரல்களை ஆளும் மூளைப்பகுதி விரிந்தது. வாசிக்காமல் மனதில் மட்டும் பயிற்சி செய்தவர்களுக்கும் அது மாறியது. ஆனால் வாசிப்பில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். பிறகு இரண்டு மணி நேரம் கையால் பழகியதும் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்தார்கள். அவர்கள் மனதில் ஓட்டிப் பார்த்தது ஒவ்வொரு விரல் அசைவையும். மேடையில் கைதட்டல் வாங்குவதைக் கற்பனை செய்வது வேறு விஷயம்.

மூளைப் பயிற்சி விளையாட்டுச் செயலிகள் உதவுமா?

அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். 2010-ல் 11,430 பேரை வைத்து ஆறு வாரம் நடத்திய ஒரு பெரிய ஆய்வில், பழகிய விளையாட்டுகளில் எல்லோரும் முன்னேறினார்கள், பொதுவான சிந்தனைத் திறனுக்கு அது தாவவில்லை. எதைப் பழகுகிறோமோ அதற்குத்தான் மூளை மாறும். பேச்சுத் திறமை வேண்டுமானால் பேசிப் பழகுங்கள். பணம் கட்டிப் புதிர் விளையாடுவதில் அது வராது.

தூக்கத்துக்கும் உடற்பயிற்சிக்கும் இதில் என்ன பங்கு?

தூக்கத்துக்கு நிறைய. விரல்களால் ஒரு வரிசையைத் தட்டக் கற்றவர்கள், இரவு தூங்கி எழுந்ததும் கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே வேகமாகத் தட்டினார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைப்பது, விதைத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்துவது போன்றது.

உடற்பயிற்சி பற்றி: 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரில் பாதிப்பேரை ஓராண்டு வேகநடை போகச் சொன்னார்கள். அவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறக்குறைய 2 சதவீதம் பெரிதானது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு தெளிவாக அமையவில்லை. இருந்தாலும் நடைக்கு வேறு நன்மைகளே போதுமான அளவு இருக்கின்றன.

தியானம்?

மனதுக்கு அமைதி தருகிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பையே மாற்றிவிடும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு சிறிய ஆய்வுகளில் அப்படித் தெரிந்தது. 2022-ல் இன்னும் பெரிதாக, கவனமாகச் செய்து பார்த்தபோது அந்த மாற்றம் தென்படவில்லை.

மன அழுத்தத்தில் இருக்கும்போது எதையுமே கற்க முடியவில்லை. இது நிரந்தரமா?

இல்லை. பெரிய தேர்வுக்காக ஒரு மாதம் கடும் அழுத்தத்தில் இருந்த மருத்துவ மாணவர்களை 2009-ல் சோதித்தார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதில் அவர்கள் திணறினார்கள். முன்மூளையின் இணைப்புகளும் குலைந்திருந்தன. தேர்வு முடிந்து ஒரு மாதம் அழுத்தமில்லாமல் இருந்த பிறகு பார்த்தால் இரண்டும் சரியாகியிருந்தன. வாழ்க்கையில் பெரிய சுமை ஒன்று அழுத்தும் காலத்தில் புதிதாகக் கற்க முடியவில்லை என்றால், உங்கள் மூளை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் சுமை கொஞ்சம் இறங்கட்டும். அது மாதக்கணக்கில் இறங்கவே இல்லை என்றால் மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம்.

மாறும் தன்மையால் கெடுதலும் உண்டா?

உண்டு. நல்லது கெட்டது என்று மூளை பார்ப்பதில்லை, பழகியதைப் பலப்படுத்துகிறது. இடைவிடாமல் வாசிக்கும் இசைக்கலைஞர்கள் சிலருக்கு மூளையில் பக்கத்துப் பக்கத்து விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்து, விரல்கள் தனித்தனியாக இயங்க மறுக்கின்றன. நாள்பட்ட வலியில், காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் வலியைக் 'கற்று' வைத்துக்கொள்வது உண்டு. தினமும் கவலையையே அசைபோடுவதும் ஒரு பயிற்சிதான்.

இதே தன்மையை மருத்துவம் நல்லதற்கும் திருப்பியிருக்கிறது. பக்கவாதத்தால் ஒரு கை பலவீனமானவர்கள் நல்ல கையையே பயன்படுத்தி, மற்றதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். எட்வர்ட் டாப் அதைத் தலைகீழாக்கினார்: நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, பலவீனமான கையைத் தினமும் மணிக்கணக்கில் வேலை செய்ய வைத்தார். பக்கவாதம் வந்து மாதங்கள் கழிந்தவர்களிடமும் இது பலன் தருவதை 2006-ல் வெளியான பெரிய மருத்துவச் சோதனை உறுதிசெய்தது. இதை வீட்டில் தானாகச் செய்து பார்க்கக் கூடாது. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இனியுமா?

மூன்று பந்துகளை மாற்றி மாற்றி மேலே வீசிப் பிடிக்கும் வித்தையை இளைஞர்களுக்கு மூன்று மாதம் கற்றுக்கொடுத்து, 2004-ல் ஜெர்மனியில் மூளைப் படம் எடுத்தார்கள். அசைவைக் கவனிக்கும் பகுதியில் சாம்பல் நிறத் திசு கூடியிருந்தது. மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருந்தபோது கூடியதில் ஒரு பங்கு குறைந்தும்போனது.

2008-ல் அதே குழு அறுபது வயதை ஒட்டியவர்களைக் கூப்பிட்டது. அவர்களில் பலருக்கு இளைஞர்கள் அளவுக்குப் பந்து வசப்படவில்லை. கீழே விழுந்துகொண்டே இருந்தது. ஆனாலும் விடாமல் கற்றவர்களின் மூளையைப் படம் எடுத்தபோது, இளைஞர்களிடம் பார்த்த அதே பகுதி அவர்களுக்கும் கூடியிருந்தது.